ஜூரா வைன் பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

எங்கள் கடைப் போத்தல் ஒன்றின் படம் வாட்ஸ்அப்பில் சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். "பழுதான வைன், அளவும் குறைவு" என்று கீழே எழுதியிருக்கிறார்கள். பழுது என்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அளவில் கைவைத்தோம் என்பதுதான் சுடுகிறது.

அது பிரான்சின் ஜூரா பகுதியிலுள்ள ஷாத்தோ-ஷாலோன் ஊர் வைன். அந்த ஊர்ப் பெயரில் வான் ஜோன் என்ற மஞ்சள் வைன் மட்டும்தான் விற்கலாம். வான் ஜோனை அடைக்கும் குட்டைப் போத்தலுக்குக் கிளாவ்லான் என்று பெயர். அதன் அளவே 62 சென்டிலிட்டர், 75 அல்ல. எந்தக் கடையில் வாங்கினாலும் இதேதான். சவாஞான் திராட்சையில் செய்த வைன், அறுவடைக்குப் பின் ஆறு ஆண்டுக்கும் மேல் காத்திருக்கிறது. பீப்பாயில் ஆவியாகிக் குறைவதை யாரும் ஊற்றி நிரப்புவதில்லை. மேலே ஈஸ்ட் ஆடை படர விட்டுவிடுகிறார்கள். ஒரு லிட்டர் வைத்தால் கடைசியில் மிஞ்சுவது இந்த 62தான் என்பது அந்த ஊர்க்காரர்களின் கணக்கு. 62 சென்டிலிட்டர் என்று லேபிளிலும் அச்சிட்டிருக்கிறது. படம் எடுத்தவர் போத்தலைக் கொஞ்சம் திருப்பியிருக்கலாம்.

வாசனைக்கு வருவோம். வெந்தயத்துக்கு மணம் கொடுக்கும் சோட்டோலோன் என்ற பொருள் இந்த வைனிலும் உண்டு. அதனால்தான் அக்ரூட்டும் கறித்தூளும் கலந்த மணம். நம் வீட்டுச் சமையலறை மணத்தைப் பழுது என்றால் என்ன சொல்வது! பிடிக்காவிட்டால் பரவாயில்லை, அதே ஜூராவில் புப்பியான் ஊரின் புளூசார் இருக்கிறது. மெல்லிய சிவப்பு வைன், லேசாகக் குளிரவைத்துக் குடிக்கலாம். வான் ஜோன் பிடித்தவர்கள் அந்தப் பகுதியின் கோந்தே சீஸ் ஒரு துண்டு சேர்த்துப் பாருங்கள்.

பாரிஸில் எல்லாரும் போர்தோ, பூர்கோஞ் பகுதி வைன்களையே கேட்கிறார்கள். பூர்கோஞுக்கும் சுவிசுக்கும் நடுவில் இருக்கும் ஜூராவை எட்டிப்பார்ப்பவர் குறைவு. லூயி பாஸ்டர் வளர்ந்த அர்புவா அங்கேதான். தன் ஊர்ப்பெயரிலேயே விற்கும் சட்ட உரிமையை 1936இலேயே பெற்றது அர்புவா வைன். யாரும் கேட்காத காலத்திலும் எங்களை நம்பி ஜூரா வைனை வாங்கியவர்கள் நீங்கள். அந்தப் படத்துக்குக் கீழே எங்களுக்காகப் பதில் எழுதியவர்களையும் மறக்கமாட்டோம், மிக்க நன்றி.

அப்புறம், 2021 ஏப்ரல் உறைபனியில் அங்கே விளைச்சல் பெரிதும் போனது. அதற்குப் பிறகு சரக்கு கிடைப்பதே பாடு. ஆகவே அடுத்த மாதம் முதல் ஜூரா போத்தல்களின் விலை சற்று மாறும், புதுப் பட்டியல் கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும். திறந்த போத்தலைத் திரும்ப எடுக்க இயலாது. சந்தேகம் இருந்தால் வாங்குமுன் கேளுங்கள், ஒரு வாய் ஊற்றித் தருகிறோம்.

அன்புடன்,
கடை உரிமையாளர்