மாட்டுத்தாவணியில் என் அப்பாவைக் காப்பாற்றியவர்களுக்கு

போன மாதம் மதுரை மாட்டுத்தாவணியில் திருநெல்வேலி பஸ்ஸுக்காக நின்றிருந்தபோது, பேசிக்கொண்டிருந்த அப்பா அப்படியே சரிந்து விழுந்தார். நான் அவர் வாயில் தண்ணீர் ஊற்றப் போனேன். "அண்ணா, தண்ணி ஊத்தாதீங்க!" என்று என் கையைப் பிடித்துத் தடுத்த நர்சிங் மாணவியே, முதல் நன்றி உனக்குத்தான் தங்கச்சி.

அப்பா வாயைத் திறந்து விட்டுவிட்டு மூச்சை இழுத்தார். மூச்சு இருக்கிறதே என்றேன். "இது மூச்சில்லண்ணா" என்று சொல்லிக்கொண்டே நடுநெஞ்சில் இரு கைகளையும் வைத்து அழுத்த ஆரம்பித்துவிட்டாய். நான் சொன்னதை நம்பி நீ காத்திருந்தால் அப்பா இன்று இல்லை.

இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் இந்த முதலுதவியான சி.பி.ஆர். பற்றி அப்புறம்தான் படித்தேன். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். ஒரே ஆள் செய்தால் சீக்கிரமே கை தளர்ந்து ஆழம் குறைந்துவிடும், அதனால் 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டுமாம். நீ அழுத்திக்கொண்டே கண்டக்டர் அண்ணனை எதிரில் மண்டி போட வைத்தாய். செல்போனில் நேரம் பார்த்த கல்லூரித் தம்பி "ரெண்டு நிமிஷம்!" என்றதும் உன் கை விலகியது, அவர் கை இறங்கியது. இடையில் ஒரு நொடிகூட வீணாகவில்லை. அடுத்து அந்தத் தம்பி, மறுபடி நீ. முன்பின் தெரியாத மூன்று பேர் ஒரே ஆளைப் போல வேலை செய்தீர்கள்.

கண்டக்டர் அண்ணே, அழுத்தும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டு உங்கள் முகம் வாடியதைப் பார்த்தேன். விலா எலும்பில் விரிசல்தான். சரியாக அழுத்தினாலும் அப்படி ஆவதுண்டு என்று டாக்டர் சொன்னார். இப்போது ஆறி வருகிறது. நிறுத்தாமல் அழுத்தினீர்களே, அதற்குக் கோடி நன்றி. அதை மனதில் வைத்து வருந்தாதீர்கள்.

கூட்டத்தை விலக்கிக் காற்று விட்ட பூக்கார அக்காவுக்கும், வாசலுக்கு ஓடி 108 வண்டியை நேராக எங்களிடம் கூட்டிவந்த ஆட்டோக்கார அண்ணனுக்கும் நன்றி. வண்டியில் வந்தவர்கள் இதயத்துக்குக் கரண்ட் ஷாக் கொடுத்த கையோடு மறுபடி நெஞ்சை அழுத்தினார்கள். இரண்டாவது ஷாக்குக்குப் பிறகு நாடி திரும்பியது. அவர்களுக்கும் நன்றி.

அன்று இருந்த பதற்றத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. அப்பா தினமும் கேட்கிறார். இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். எல்லோரும் வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும், அப்பா கையால் பரிமாற வேண்டும்.