குதிரை மருந்துச் செலவு: ஞாயிறு காலை வாங்க

எல்லாருக்கும் வணக்கம். மருந்து விலையைப் பற்றித் தினமும் இங்கே புலம்புவதை விட ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடலாம். வரும் ஞாயிறு காலை 7 மணி, வேலந்தாவளத்தில் வழக்கமாகக் கூடும் அதே தென்னந்தோப்பு.

1. குதிரையின் எடை தெரிந்து வரவும். முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்றளவைச் செ.மீ.யில் அளந்து, அதை அதாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து புட்டம் வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி 11,880-ஆல் வகுத்தால் ஏறக்குறைய கிலோ வந்துவிடும். சுற்றளவு 150, நீளம் 130 என்றால் சுமார் 246 கிலோ. குடற்புழுவுக்கான ஐவர்மெக்டின் பேஸ்ட் டியூப் பலவும் 600 கிலோ குதிரைக்கான அளவு, நம் நாட்டுக் குதிரைக்கு முழுசையும் பிதுக்கினால் பாதிக்கு மேல் காசு வீண். மருந்தைத் தள்ளும் தண்டில் இருக்கும் வளையத்தை, அதில் குறித்திருக்கும் எடைக்கு நேராக நிறுத்துங்கள். அதற்காக அளவைக் குறைத்தும் கொடுக்காதீர்கள், அப்புறம் மருந்துக்குப் புழு சாகாது.

2. மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசியைக் குதிரைக்குப் போடவே வேண்டாம். விலை குறைவுதான், ஆனால் ஊசி போட்ட இடம் வீங்கிப் புண்ணானால் வைத்தியச் செலவு எங்கோ போய்விடும்.

3. பழைய பில்களைக் கொண்டு வரவும். பாலக்காட்டு விலையையும் பொள்ளாச்சி விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

4. டெட்டனஸ் தடுப்பூசி டாக்டர் சீட்டோடு மொத்தமாக வாங்குவோம், ஒரே நாளில் எல்லாக் குதிரைக்கும் போட்டால் டாக்டர் வந்துபோகும் செலவும் பங்காகும்.

வெள்ளி இரவுக்குள் பெயர், எத்தனை குதிரை என்று பதில் போடுங்க. கட்டைவிரல் மட்டும் காட்டினால் கணக்கில் சேர்க்க மாட்டேன்.