சந்தாவை மிளகுக் காலத்தில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மருத்துவக் காப்பீட்டுக்குச் சந்தா கேட்டால், எங்கள் சுயஉதவிக் குழுப் பெண்கள் முதலில் கேட்பது, "நோயே வரலைன்னா பணம் திரும்பக் கிடைக்குமாக்கா?" நியாயமான கேள்விதான். வேலை குறைந்துபோகும் ஜூலை மழையில் போய்க் கேட்டால் வேறென்ன கேட்பார்கள்?

எங்கள் கூடலூரிலேயே பழங்குடி மக்களுக்கு 1992-லேயே காப்பீட்டுத் திட்டம் வந்துவிட்டது. ஆதிவாசி முன்னேற்றச் சங்கத்தினர் விருப்பப்பட்டுச் சேர்ந்தார்கள். அஸ்வினி என்ற தொண்டு அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையில் பழங்குடிப் பெண்களே பயிற்சி பெற்று நர்ஸ்களாக இருந்தார்கள். சேர்ந்தவர்கள் கையிலிருந்து பணம் கட்டிவிட்டு, அப்புறம் பில்லைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கவில்லை. சந்தா கொடுக்க வைத்தது அந்த நம்பிக்கைதான் என்பேன். கர்நாடகத்தில் 2003-இல் தொடங்கிய யசஸ்வினி என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் விவசாயிகளை அவர்களுடைய கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகத்தான் சேர்த்தது.

எங்களிடம் வருகிற காப்பீட்டு முகவர்களோ சந்தா வாங்கியதும் காணாமல் போகிறார்கள். யாரை நம்பிச் சேர்வது?

காப்பீடு நடத்துகிறவர்களே, கையில் காசு இருக்கும் காப்பி, மிளகு பறிக்கும் மாதங்களில் சந்தா வாங்குங்கள். தவணையாகக் கட்ட விடுங்கள். சாதாரணக் காய்ச்சலுக்கான மருந்துச் செலவையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் பலர் வருவார்கள்.

சுயஉதவிக் குழுத் தலைவி,
கூடலூர், நீலகிரி