கார்லைல் அணியின் கணக்கை எப்போது தீர்ப்பீர்கள்?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. நிர்வாகிகளுக்கு,

வணக்கம். 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் தந்த சமரசத்தின்படி, 2016 முதல் கல்லூரி அணிகளில் ஆடியவர்களுக்குச் சுமார் 280 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டீர்கள். மாணவர்கள் ஆடிச் சம்பாதித்துக் கொடுத்த பணத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்பதை இத்தனை காலம் கழித்தாவது ஏற்றுக்கொண்டீர்கள், சரி. அப்படியானால் 1912இல் ஆடிய கார்லைல் பள்ளியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு என்ன பதில்?

பென்சில்வேனியாவில் இருந்த கார்லைல் ஒரு கல்லூரியே இல்லை. பூர்வகுடிப் பிள்ளைகளை ஊரிலிருந்து பிரித்துக் கொண்டுவந்து, முடியை வெட்டி, தாய்மொழி பேசவிடாமல் வளர்க்க 1879இல் அரசு தொடங்கிய தொழிற்பள்ளி. வீட்டுக்குத் திரும்பாமலே இறந்துபோன பிள்ளைகளின் கல்லறைகள் அங்கே நூற்றுக்கு மேல். அந்தப் பள்ளியின் பையன்கள்தான் 1912இல் 14 ஆட்டங்களில் 12இல் வென்று, ஒன்றைச் சமன் செய்து, பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் மட்டும் 26-34 என்று தோற்றார்கள். மொத்தம் 504 புள்ளிகள்! முந்தைய ஆண்டு ஒரே புள்ளியில் தங்களைத் தோற்கடித்த சிராக்யூஸை இந்த முறை 33-0 என்று திருப்பி அடித்தார்கள்.

நவம்பர் 9 அன்று வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில், அதன் ராணுவ அணியுடன் ஆட்டம். அமெரிக்க ராணுவம் லகோட்டா பூர்வகுடிகளைச் சுட்டுக்கொன்ற வூண்டட் நீ படுகொலை நடந்து 22 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன; அதைச் செய்த ராணுவத்தின் வருங்கால அதிகாரிகளை, அவர்களுடைய மைதானத்திலேயே, 27-6 என்று வென்றார்கள். எதிரணியில் பிற்கால ஜனாதிபதி ஐசன்ஹோவர் இருந்தார். ராணுவ அணியின் கேப்டன் டெவோர், கார்லைல் வீரர் ஜோ கயோனைத் தாக்கியதால் வெளியேற்றப்பட்டார். இந்த ஆட்டம் என்றால் எல்லோரும் கார்லைலின் நட்சத்திர வீரர் ஜிம் தோர்ப்பைத்தான் சொல்கிறார்கள், ஆனால் அணியை மைதானத்தில் நடத்திய கஸ் வெல்ச்சும், ஆர்காசாவும், கயோனும் இல்லாமல் அந்த வெற்றி இல்லை.

இப்போது பணத்துக்கு வருகிறேன். பெரிய ஆட்டங்களையெல்லாம் கார்லைல் வெளியூரில்தான் ஆடியது, ஏனென்றால் டிக்கெட் வசூல் அங்கேதான். வசூலில் கார்லைலின் பங்கு பள்ளியின் விளையாட்டு நிதிக்குப் போனது, பயிற்சியாளர் வார்னரின் சம்பளமும் அதிலிருந்துதான். கஸ் வெல்ச் தலைமையில் மாணவர்களே மனு கொடுத்து, 1914இல் நாடாளுமன்றக் குழு விசாரணைக்கு வந்தது. அந்த நிதி எப்படியெல்லாம் செலவானது என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. அப்புறம் என்ன, வார்னர் பிட்ஸ்பர்க்குக்கு வேலை மாறிப்போனார், பள்ளி 1918இல் மூடப்பட்டது. இதற்கிடையில், சிறு கூலிக்கு பேஸ்பால் ஆடிய ஒரே காரணத்தால் 1913இல் தோர்ப்பின் இரண்டு ஒலிம்பிக் தங்கங்களும் பறிக்கப்பட்டன! அவர்தான் தனி வெற்றியாளர் என்று ஒலிம்பிக் கமிட்டி மறுபடி அறிவிக்க 2022 ஆகிவிட்டது.

வசூல் எங்கள் கைக்கு வரவில்லையே என்பீர்கள். ஆனால் 1906இல் உருவான உங்கள் அமைப்பு, ஆடுபவன் பணம் தொடக்கூடாது என்ற கொள்கையை நூறு ஆண்டுக்கு மேல் கட்டிக் காத்தது. கார்லைலோடு ஆடி அரங்கை நிறைத்த ஹார்வர்டு, பென்சில்வேனியா, சிராக்யூஸ், பிட்ஸ்பர்க் எல்லாம் இன்றும் உங்கள் உறுப்பினர்கள். 1912இல் அந்தப் பையன்களில் பலர் குடிமக்களாகக்கூட இல்லை, பூர்வகுடிகள் எல்லோருக்கும் குடியுரிமை 1924இல்தான் வந்தது. வழக்குப் போடவும் வழியில்லாதவர்களிடம் வாங்கிய உழைப்பு இது, அதனால்தான் உங்களிடம் இதை உரிமையாகவே கேட்கிறேன்.

1914 விசாரணைப் பதிவுகளையும் அந்தப் பல்கலைக்கழகங்களின் பழைய வரவுசெலவுகளையும் எடுத்து, கார்லைல் ஆட்டங்களில் யாருக்கு எவ்வளவு போனது என்று கணக்குப் பார்த்து வெளியிடுங்கள். அந்தத் தொகையை இன்றைய மதிப்பில் போட்டு, கார்லைலுக்குப் பிள்ளைகளைப் பறிகொடுத்த பூர்வகுடி இனங்களின் மாணவர்களுக்குக் கல்வி உதவியாகக் கொடுங்கள். யாருக்கு, எப்படி என்பதை அந்த இனங்களின் சபைகளே முடிவு செய்யட்டும்.

இப்படிக்கு,
ஒரு விளையாட்டு ரசிகன்