வெள்ளம் அடித்துக்கொண்டு போன ஆட்டுக்குப் பிணம் எங்கே தேடுவது?

பேரிடர் நிவாரண விதிகளை எழுதும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரைப் பக்கம் ஆடு வளர்க்கிறவன். 2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை, போச்சம்பள்ளி சந்தை நாள். இரண்டு கிடாக்களை ஓட்டிப் போவதாக இருந்தேன். மழை விடவில்லை. சரி, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாவற்றையும் பட்டியிலேயே அடைத்துவிட்டேன். ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியது அன்றைக்குத்தான். எங்களுக்கு வருஷம் முழுக்கப் பெய்வதில் பாதிக்கு மேல் அது.

பஸ் நிலையம் பக்கம் நிறுத்தியிருந்த வேனும் காரும் தண்ணீரில் உருண்டு போனதை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஓடையோரத்துப் பட்டியை யாரும் படம் எடுக்கவில்லை. விடிந்து போய்ப் பார்த்தபோது மூங்கில் படல் ஒன்று மட்டும் வேலியில் மாட்டியிருந்தது. ஆடு பதினொன்றையும் காணோம்.

மூன்றின் உடல்கள்தான் கிடைத்தன. அதில் சினை ஆடு ஒன்று, ஒரு மைல் தள்ளி, கருவேல மரத்தின் கவட்டில் கழுத்துக் கயிற்றோடு தொங்கியது. ரோடு அறுந்து கிடந்ததால் கால்நடை மருத்துவர் வர இரண்டு நாள் ஆயிற்று. அதுவரை வைத்திருக்க முடியுமா? நாற்றம் தாங்காமல் புதைத்துவிட்டோம். பிரேதப் பரிசோதனை இல்லாமல் நிவாரணத்துக்கான சான்று கிடைக்காது என்றார்கள். திரும்பத் தோண்டி எடுத்தோம். என் அம்மா அந்தப் பக்கமே வரவில்லை.

மூன்று ஆட்டுக்கும் பணம் வந்தது, தலைக்கு 4,000 ரூபாய். வாங்கினேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். மற்ற எட்டைப் பற்றிக் கேட்டபோது, "பாடி இருக்கா?" என்றார் ஓர் அலுவலகத்தில் இருந்தவர். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, கையில் இருந்த படிவம் அப்படி. அடித்துக்கொண்டு போன வேனுக்கு ஆர்.சி. புக் இருக்கிறது. வெள்ளாட்டுக்கு என்ன இருக்கிறது?

மத்திய அரசின் 2022 முதல் 2026 வரையிலான நிவாரண விதியில் கறவை மாட்டுக்கும் எருமைக்கும் 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. ஆடென்றால் குடும்பத்துக்கு 30 வரைதான் கணக்கு. தொகையைப் பற்றித் தனியாகவே ஒரு சண்டை போடலாம். எந்தச் சந்தையில் 4,000 ரூபாய்க்குச் சினை ஆடு பிடித்துத் தருவீர்கள் என்று கேட்கலாம். ஆனால் இந்த மடல் அதற்கில்லை. வெள்ளத்தில் போன உயிருக்குப் பிணத்தைக் காட்டச் சொல்லாதீர்கள் என்பதற்கு மட்டும்தான். வெள்ளம் என்றாலே அடித்துக்கொண்டு போவதுதானே.

மாட்டுக்காவது காதில் 12 இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை இருக்கிறது. ஆட்டுக்கும் ஒன்று மாட்டுங்கள். அதுவரை, ஆட்டுக்கொல்லி நோய்க்கு ஊசி போட வரும்போது யாரிடம் எத்தனை ஆடு என்று எழுதுகிறார்களே, அந்த நோட்டையும் கிராம நிர்வாக அலுவலரின் விசாரணையையும் அக்கம்பக்கத்தார் இருவர் கையெழுத்தையும் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். அடுத்த விதியில் இதற்கு ஒரு வரி போதும்.

என்னிடம் இருக்கும் தடுப்பூசிச் சீட்டின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் பதினொன்று என்று எழுதியது நானில்லை, ஊசி போட வந்த அரசு ஊழியர்.

இப்படிக்கு,
ஊத்தங்கரை வட்டத்து ஆடு வளர்ப்பவன் ஒருவன்