செயலாளரின் ஆண்டறிக்கை: ஓடும் நீரும் மெதுவான ஷட்டரும்

தலைவர் அவர்களுக்கும் நம் புகைப்படச் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவின் முடிவுப்படி, ஓடும் நீரை மெதுவான ஷட்டரில், அதாவது கேமராவின் ஒளித்திரையைச் சற்று நீண்ட நேரம் திறந்து வைத்துப் படம் எடுப்பதையே இந்த ஆண்டுப் பயிற்சிகளுக்குப் பொருளாக வைத்துக்கொண்டோம். மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வைப்பார்.

மதிப்பீட்டுக்கு வந்த படங்களில் திரும்பத் திரும்பக் கண்ட குறை ஒன்றுதான்: ஷட்டரைத் தேவைக்கு மேல் திறந்து வைப்பது. அருவியை 8 விநாடி, 15 விநாடி எடுத்தால் தாரைகளெல்லாம் ஒன்றாய்க் கலந்து வெள்ளை வேட்டியைத் தொங்கவிட்டது போலாகிவிடும். எந்தத் தாரை முன்னால் விழுகிறது, எங்கே பாறையில் மோதிச் சிதறுகிறது என்பதே தெரியாது. பெரும்பாலான ஓடைகளுக்கும் அருவிகளுக்கும் 1/4 முதல் 1 விநாடி வரை போதும். நீர் இழை இழையாகப் பிரிந்து நிற்கும். வேகமாகக் கொட்டும் அருவிக்கு அருகில் நின்றால் 1/15 விநாடியே நல்ல பலன் தரும். லென்ஸையும் கணக்கில் எடுக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து நகராமல் 24 மி.மீ. லென்ஸில் 1 விநாடி கேட்ட ஓடை, 200 மி.மீ. லென்ஸில் 1/8 விநாடியிலேயே அதே அளவு இழையும். நீரின் வேகம் மாறவில்லை. படச் சட்டத்துக்குள் அது கடக்கும் தூரம்தான் எட்டு மடங்கு கூடியிருக்கிறது.

நீண்ட நேரம் பொருந்துகிற இடங்களும் உண்டு. அருவிக்குக் கீழே தேங்கிய நீரில் நுரை மெல்லச் சுற்றுகிறதா, அங்கே 10 முதல் 30 விநாடி வையுங்கள். கண்ணுக்குப் புலப்படாத சுழல் வட்டக் கோடுகளாய் வெளிப்படும். ஆனால் கரையிலிருந்து பின்வாங்கும் அலைக்கு அரை விநாடியே அழகு.

வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப்/22 வரை போவதைக் கைவிடச் சொல்கிறோம். துளை அவ்வளவு சிறுத்தால் ஒளி விளிம்பில் வளைந்து படம் முழுவதும் கூர்மை மங்கும். ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை 100-லும், துளையை எஃப்/8 அல்லது எஃப்/11-லும் நிறுத்திக்கொண்டு மீதியை ஃபில்டரிடம் விடுங்கள். முதலில் பிரதிபலிப்பை அடக்கும் போலரைசர் ஃபில்டர்: ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாகும்) ஒளியைக் குறைப்பதோடு, ஈரப் பாறையின் மேல் படியும் வெண்பளபளப்பை நீக்கிப் பாசியின் பச்சையை வெளிக்கொண்டுவரும். மேகமூட்டமான நாளில் பல ஓடைகளுக்கு இதுவே போதும். அதற்கு மேல் வேண்டுமானால் நிறத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும் 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் நேரத்தை 64 மடங்காக்கும்; 1/60 விநாடி ஏறத்தாழ 1 விநாடியாகும். 10 ஸ்டாப் ஃபில்டர் 1024 மடங்கு; 1/30 என்பது சுமார் 34 விநாடி. 30 விநாடிக்கு மேல் போகாத கேமராவில் ஷட்டரை விரும்பும் வரை திறந்து வைக்கும் பல்ப் முறையும், கேமராவைத் தொடாமல் ஷட்டரை இயக்கும் ரிலீஸ் ஒயரும் தேவை.

10 ஸ்டாப் ஃபில்டர் மாட்டியபின் ஆட்டோ ஃபோகஸ் தடுமாறும். எனவே காட்சியை அமைத்து, ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றி, ஒரு சோதனைப் படம் எடுத்த பிறகே ஃபில்டரைத் திருகவும். கண்ணாடி உள்ள எஸ்எல்ஆர் கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரை மூடவும். இல்லையேல் அதன் வழியே ஒளி கசியும். திருப்பித் திருப்பி ஒளிக்குறைப்பை மாற்றும் வேரியபிள் என்டி ஃபில்டரை அகல லென்ஸில் கடைசி எல்லை வரை திருப்பினால் படத்தில் பெருக்கல் குறி போல் கறுப்பு நிழல் விழும்.

வெண்ணுரை வெளிறிப்போவது அடுத்த பெரிய இழப்பு. படத்தின் ஒளிப் பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தின் வலது ஓரத்தைப் பார்த்து, தேவைப்பட்டால் 2/3 ஸ்டாப் குறைத்து, கேமரா பதிந்த தரவை அப்படியே வைக்கும் ரா வடிவில் எடுங்கள். நீர் இழைந்து இலையும் ஆடியிருந்தால் முக்காலியை அசைக்காமல் ஐஎஸ்ஓவை ஏற்றி இலைக்காக ஒரு வேகமான படம் எடுத்துப் பிறகு இணைக்கலாம்.

முக்காலியின் நடுத்தண்டை உயர்த்த வேண்டாம். ஓட்டத்துக்குள் நிற்கும் காலில் நீர் இடைவிடாமல் மோதி அதிர்வை ஏற்றும். முடிந்தால் மூன்று கால்களும் பாறையில் நிற்கட்டும். லென்ஸின் அதிர்வுத் தடுப்பை அணைத்து, 2 விநாடி டைமரில் எடுக்கவும். சாரலில் ஒவ்வொரு படத்துக்கும் முன் ஃபில்டரைச் சாய்த்துப் பாருங்கள். கடுகளவு துளி ஒன்று, சின்னத் திரையில் கண்ணுக்குத் தப்பி, அச்சில் வட்டமான மங்கலாய் வந்து நிற்கும்.

நீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் திடீரென மிதந்து வந்தாலோ மேலே மழை பெய்திருக்கிறது. உடனே கரையேறுவது இனி நம் களப் பயிற்சிகளில் கட்டாய விதி. உபகரணத்தை எடுக்கவும் நிற்கக் கூடாது.

சங்கத்தின் ஃபில்டர்கள் சில மணலோடு திரும்பி வந்தன. முதலில் ஊதித் தட்டுங்கள், பிறகு துணி. மணலோடு துடைத்தால் பூச்சில் கீறல் விழும். வளையம் இறுகிக்கொண்டால் இரு பக்கமும் அழுத்திப் பிடிக்காதீர்கள். வட்டம் நசுங்கி மேலும் இறுகும். ரப்பர் விரிப்பில் முகத்தைச் சமமாக வைத்து மெல்லத் திருப்பினால் கழன்றுவிடும்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழுவின் முன்மொழிவு: ஃபில்டர் இல்லாதவர்களுக்காக, 1/4 விநாடிப் படங்கள் 16-ஐ அடுக்கிச் சராசரி எடுத்து 4 விநாடிப் படத்துக்கு நிகராக்கும் முறையில் தனிப் பயிற்சி. படங்களுக்கிடையே இடைவெளி நீண்டால் இழை துண்டு துண்டாகும் என்பதால் தொடர் படப்பிடிப்பு முறையிலேயே இதைப் பழக வேண்டும். பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்