உன் பேரில் ஒன்று செய், மகள்

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். அப்பாவுக்குச் சீனி இந்த முறை பரவாயில்லை என்று டொக்டர் சொன்னார். மாமி வந்து நின்றுவிட்டுப் போனா. அந்தக் காணி விசயம் வழக்கம் போலத்தான், அதை எழுதி உன்னையும் வருத்த விரும்பவில்லை. மிளகாய்த்தூள் பார்சல் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன். கிடைத்தது என்று முன்னரெல்லாம் ஒரு மெசேஜ் போடுவாய்.

நீ போன் எடுக்கவில்லை என்று குறை சொல்ல இதை எழுதவில்லை, புள்ள. ஒப்பராவில், அந்தப் பாட்டு நாடகத்தில், உதவி நெறியாளருக்கு ஒத்திகைக் காலம் எப்படி என்று எனக்குத் தெரியும். காலை பத்திலிருந்து இரண்டு மணி, பிறகு பின்னேரம் ஆறிலிருந்து பத்து மணி. நடுவில் வருகிற நாலு மணித்தியாலம் வீட்டுக்குப் போய்ப் படுக்கவும் காணாது, ஒழுங்காய்ச் சமைக்கவும் காணாது. அந்த நேரத்தில் நீ ஒரு துண்டுப் பாணைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தடித்த புத்தகத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டிருப்பாய். ஒரு பக்கம் பியானோவுக்கான இசை, எதிர்ப்பக்கம் வெறும் தாள். யார் எந்தச் சொல்லில் திரும்புகிறார்கள், எந்தக் கையால் கதிரையை இழுக்கிறார்கள், கதவை மூடுகிறார்களா திறந்தபடி விடுகிறார்களா, எல்லாம் அந்த வெறும் தாளில் ஏற வேண்டும். எழுது. ஆனால் சாப்பிட்டுவிட்டு எழுது.

முன்னர் இங்கே ஒரு தியேட்டரில் விடியற்காலையில் கூட்டித் துடைத்த காலத்தில் நான் கண்ணால் கண்டவை இவை. ஒத்திகை அறைத் தரையில் நிறம் நிறமாய்ப் பட்டி ஒட்டியிருக்கும். சிவப்பு முதலாம் அங்கத்துச் சுவர், நீலம் இரண்டாம் அங்கத்துக் கதவு, மஞ்சள் படிக்கட்டு. வேலைக்குச் சேர்ந்த உடனேயே மேற்பார்வைக்காரி சொன்னா, எதை வேண்டுமென்றாலும் துடை, இந்தப் பட்டியில் ஒன்றையும் கிளப்பிப் போடாதே என்று. ஈரத்தில் ஓரம் கிளம்பினால் நான் குந்தியிருந்து நகத்தால் அழுத்தி ஒட்டிவிட்டுத்தான் எழும்புவேன். பள்ளிக்கூட லீவில் நீயும் என்னோடு வருவாய். அந்தக் கோடுகளுக்குள் விளையாடுகிறபோது கதவு இருக்கிற இடத்தால்தான் போய் வருவாய். சுவர் இருக்கிற இடத்தைக் கடக்கவே மாட்டாய். உனக்கு அப்போது ஏழோ எட்டோ வயது. இந்த வேலை உனக்கு வந்தது அங்கேயிருந்துதான் என்று நான் நம்புகிறேன். பல்கலைக்கழகத்தால் வந்தது என்று அப்பா சொல்லட்டும்.

இல்லை, அதற்கும் முன்னர் அம்மப்பாவிடமிருந்து வந்தது. அவரைப் பற்றி உனக்கு எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன், திரும்பவும் சொல்கிறேன். ஊரில் கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் அவர். சட்டம் கொடுக்கிற அன்றைக்கு, அதாவது ஆட்களுக்குப் பாத்திரம் பிரித்துப் பாட்டுக் கொடுக்கிற நாளில், குரலையும் கால் வைக்கிற விதத்தையும் பார்த்து இவன் தருமன், இவன் வீமன் என்று பிரிப்பது அவர்தான். சதங்கை அணிதல், கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல் என்று ஒவ்வொரு படியாய் அரங்கேற்றம் வரும்வரை மாதக்கணக்கில் வயல் வேலை முடிந்து வந்த ஆட்களை இரவிரவாய் ஆட்டுவார். அரங்கேற்றத்தன்று வட்டக்களரியின், அந்த வட்டமான கூத்து மேடையின், நடுவில் மத்தளத்தோடு விடியும்வரை நிற்பார். ஒருவன் பாட்டை விட்டால் அடி எடுத்துக் கொடுப்பார். அண்ணாவியார் களரியை விட்டுப் போகிற வழக்கம் எங்களிடம் கிடையாது.

உங்கள் ஒப்பராவில் நெறியாளர் போய்விடுகிறார். ஆறேழு கிழமை ஒத்திகை பார்த்து, முதல் காட்சியன்று திரைக்கு முன்னால் வந்து தலை குனிந்துவிட்டு, கைதட்டோ கூச்சலோ எது கிடைத்தாலும் வாங்கிக்கொண்டு, அடுத்த நாள் வேறு ஊருக்கு ரெயில் ஏறுகிறார். அதற்குப் பிறகு வருகிற ஒவ்வொரு இரவும் அதைக் காப்பது நீ. பாடகருக்குச் சுகமில்லை என்றால் மத்தியானம் வந்து இறங்குகிற புது ஆளுக்கு இரண்டு மணித்தியாலத்தில் முழு நாடகத்தையும் நடந்து காட்டுவதும் நீதான். அது சின்ன வேலை என்று உனக்கு யாரும் சொன்னால் கேட்காதே. ரூத் பெர்க்ஹவுஸ் என்ற ஜேர்மன் நெறியாளர் பற்றி எனக்குச் சொல்லித் தந்தவளே நீ. ட்ரெஸ்டனில் பலுக்கா என்ற நடனக்காரியிடம் நடனம் படித்து, உடம்பு எப்படி அசைகிறது என்பதிலிருந்து ஒப்பராவைப் பார்க்க வந்தவ. 1968இல் பேர்லின் ஷ்டாட்ஸ்ஓப்பர் அரங்கில் ரொசீனியின் செவில் நாவிதன் ஒப்பராவைச் செய்தா, மேடை அமைப்பு அஹிம் ஃப்ரையர். அவ 1996இல் செத்துப்போனா. அந்த நாவிதன் ஐம்பது வருசம் தாண்டியும் அதே மேடையில் ஏறினான். 1968இல் பிறந்தே இருக்காத பிள்ளைகள், உன்னைப் போல உதவி நெறியாளர்கள், அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் புதுப் பாடகர்களுக்குச் சொல்லிக் கொடுத்துத்தான் அது உயிரோடு நின்றது. அவர்கள் பேர் எங்கேயும் பெரிதாய்ப் போடுவதில்லை. அதனால்தான் சொல்கிறேன், உன் பேரிலும் ஒன்று செய்.

பெர்க்ஹவுஸ் பற்றி இன்னுமொன்று. பிரெக்டின் மனைவி ஹெலேன வைகல் செத்த பிறகு, 1971இலிருந்து அவ நடத்திய பெர்லினர் அன்சாம்பிள் நாடக அரங்குக்குப் பெர்க்ஹவுஸ்தான் தலைமை. 1977இல் அந்தக் கதிரையை விட்டு எழும்ப வேண்டி வந்தது. அதற்குப் பிறகுதான் ஃப்ராங்ஃபேர்ட்டில் இசை நடத்துனர் கீலனோடு சேர்ந்து அவவின் பெரிய வேலைகள் வந்தன. வாக்னரின் மோதிரத் தொடரின் நாலு நாடகமும் 1985இலிருந்து 1987 வரை அங்கே செய்தவை. ஐம்பது வயதில் ஒரு இடம் போன பிறகு, மகள். இதை ஏன் எழுதுகிறேன் என்று உனக்கு விளங்கும்.

உன் ஊர்த் தியேட்டருக்குப் புது இண்டெண்டன்ட், புதுத் தலைவர், வருகிறார் என்று பேப்பரில் பார்த்தேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் நானும் தியேட்டரில் வேலை செய்தவள். உங்கள் ஒப்பந்தம் வருசா வருசம் தானாக நீளும்; நீட்ட மாட்டோம் என்றால் ஒக்டோபர் 31க்குள் எழுத்தில் தர வேண்டும், அதற்கு முன்னர் கூப்பிட்டுப் பேச வேண்டும். புது ஆள் வருகிறார் என்பதே போதிய காரணம். வேலை நல்லதா கெட்டதா என்ற கேள்வியே அங்கே எழும்பாது. ஒக்டோபர் கடைசிக் கிழமையில் உடை மாற்றுகிற அறைக் கூடைகள் ரிஷ்யூத் தாளால் நிரம்பியிருக்கும், நான்தான் அள்ளிப் போட்டேன். நீ கடைசியாய்ப் போன் எடுத்தது ஒக்டோபர் நடுப்பகுதியில். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு விசயம் சொல்ல வேண்டும், கோபிக்காதே. நவம்பரில் நான் அங்கே வந்தேன். மாமியோடு கடைக்குப் போகிறேன் என்று அப்பாவுக்குச் சொல்லிவிட்டு ரெயில் ஏறினேன். மேல்மாடியில் ரிக்கற் எடுத்து மொஸார்ட்டின் ஃபிகாரோ பார்த்தேன். நீ இருட்டில் பின்வரிசையில் இருந்து எழுதிக்கொண்டிருப்பாய், தலையையாவது பார்க்கலாம் என்று நினைத்துத்தான் வந்தது. திரை திறக்க முன்னர் ஒருவர் வந்து சொன்னார், கெருபினோ என்ற பொடியன் வேசம் பாடுகிற பிள்ளைக்குச் சுகமில்லை, வேறு ஊரிலிருந்து வந்தவ ஓரத்தில் நின்று பாடுவா, மேடையில் உதவி நெறியாளர் நடிப்பா என்று. உன் பேரைத் தப்பாய்த்தான் சொன்னார். எனக்குக் கை நடுங்கத் தொடங்கிவிட்டது.

நீ பொடியனின் உடுப்பில் ஓடி வந்தாய். பெரியவர், அந்தப் பிரபு, வருகிற சத்தம் கேட்டுக் கதிரைக்குப் பின்னால் ஒளிந்தாய். இன்னொருவர் வர, அவர் தானும் அதே கதிரைக்குப் பின்னால் ஒளியப் போன நேரம், நீ இந்தப் பக்கத்தால் சுற்றி வந்து கதிரைக்குள்ளேயே சுருண்டாய், வேலைக்காரி சூசன்னா உன் மேலே சட்டையைப் போட்டு மூடினா. அவர் துணியைத் தூக்குகிறபோது நீ அசையவே இல்லை, கண்ணை மட்டும் திறந்தாய். சனம் முழுதும் சிரித்தது. பாட்டு ஓரத்திலிருந்து வந்தது, ஆனால் அந்த மூச்சு உன் தோளில்தான் ஏறி இறங்கியது. கூத்தில் ஆடுகிறவன் களைத்தால் பிற்பாட்டுக்காரர் பாட்டை ஏந்துவார்கள், அவன் ஆடிக்கொண்டே இருப்பான். அம்மப்பா பார்த்திருந்தால் தாளத்தை உன் கால் விடவில்லை என்று ஒரு சொல் சொல்லியிருப்பார். அவர் வாயில் அதற்கு மேல் பாராட்டு வராது.

நெறியாளர் ஃபெல்சன்ஷ்டைனின் கதையை நீ பல்கலைக்கழகத்தில் சேர்ந்த புதிதில் சமையலறையில் நின்று சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. 1947இல் இடிந்து கிடந்த பேர்லினில் கோமிஷ ஓப்பர் என்ற ஒப்பரா அரங்கைத் தொடங்கி 1975இல் சாகும்வரை நடத்திய மனுசன். இந்த ஆள் இந்த இடத்தில் ஏன் பேசுவதை விட்டுப் பாடுகிறான் என்று பாடகருக்கே விளங்கும்வரை அடுத்த வரிக்குப் போக விடமாட்டார் என்று சொன்னாய். எங்கள் ஊரில் யாரும் கேட்காத கேள்வி அது. தருமன் களரிக்குள் வந்தால் வரவுப் பாட்டோடுதான் வருவான், ஏன் பாடுகிறான் என்று யார் கேட்பது? 1985இல் நானும் அப்பாவும் ஷோனஃபெல்டில் இறங்கி, ஃப்ரீட்ரிஷ்ஸ்ட்ராஸ நிலையத்தால் மேற்குப் பக்கம் வந்தபோது அந்த அரங்கு நடந்து போகிற தூரத்தில் இருந்திருக்கிறது. ஒரு பெட்டியோடு நின்ற எங்களுக்கு அது எப்படித் தெரியும். எங்கள் பிள்ளை அந்த மனுசனின் கேள்வியைக் கற்றுக்கொண்டு, பாடாமலேயே அதற்குப் பதில் சொல்லிக்கொண்டு ஒரு மேடையில் நின்றாள். அதை நான் பார்த்தேன்.

முடிவில் எல்லாரும் வரிசையாய் வந்து கும்பிட்டபோது, நீ அந்தப் பாடகியின் கையைப் பிடித்து முன்னால் விட்டுவிட்டு அரையடி பின்னால் போனாய். அது நல்ல பழக்கம். எல்லா இடத்திலும் பின்னால் போகாதே.

உன் வீட்டு மணியை நான் அடிக்கவில்லை. அடித்திருந்தால் நீ சிரித்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றியிருப்பாய், இரண்டு பேரும் கோட்டைப் பற்றியும் குளிரைப் பற்றியும் கதைத்துவிட்டுப் படுத்திருப்போம். சொல்லாமல் வந்தது பிழை என்று நான் நினைக்கவில்லை. நீ மெலிந்துபோயிருக்கிறாய்.

இனி கேள். உன் அலுமாரியைத் துப்புரவாக்குகிறபோது பச்சைக் கொப்பி கிடைத்தது. பூலங்கின் மனிதக் குரல் என்ற ஒப்பராவுக்கு நீ போட்ட திட்டம் உள்ளே இருந்தது. ஒரே ஒரு பெண், ஒரு டெலிபோன், முக்கால் மணித்தியாலம் கூட இல்லை, நடுவில் லைன் அறுந்து அறுந்து போகும். நீ அதில் வெளிநாட்டுக் கோல் எடுக்கிற கடையின் கூண்டைக் கீறி வைத்திருக்கிறாய். கண்ணாடிக் கதவு, மேலே நிமிடக் கணக்குக் காட்டுகிற சிவப்பு எழுத்து, வெளியில் அடுத்த ஆட்கள் வரிசையில். பாட்டு பிரெஞ்சில் இருக்கட்டும், பெண் மட்டும் எங்கள் பெண் என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாய். 1990இல் மட்டக்களப்புக்கு லைன் கிடைக்காமல் நான் அப்படி ஒரு கூண்டுக்குள் நின்றதை உனக்கு நான் சொன்னதே இல்லை. நீ எங்கேயிருந்து கீறினாய் என்று எனக்குத் தெரியாது. கதவில் கை வைத்திருக்கிற விதம் கூடச் சரி.

அதைச் செய். பாடகி ஒருத்தி, பியானோ ஒன்று போதும் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஒரு மண்டபம் எடுக்கிற காசுக்கு அப்பாவிடம் கேட்டேன், காரை மாற்றாமல் இன்னும் ஒரு வருசம் ஓட்டலாம் என்றார். ஏன் என்று கேட்கவில்லை, அவரும் பேப்பர் பார்த்திருப்பார். கடிதம் ஏதும் வந்திருந்தாலும் செய், வராவிட்டாலும் செய். மற்றவர்கள் செய்ததை நீ காத்தது காணும், உன் பேரில் ஒன்று செய்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எடு. அப்பா அந்த நேரம் படுத்திருப்பார், நான் போனைக் கையிலேயே வைத்திருப்பேன். கொப்பியை நான் தபாலில் போடவா, நீ நத்தாருக்கு வந்து எடுக்கிறாயா? பதிவுத் தபால் என்றால் வெள்ளிக்கு முன்னர் சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அம்மா